வெள்ளைப் பொடி போடாத படம்

அண்ணே,

இன்று பீடோங் டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் உங்கள் கடையின் அதே புளித்த மருந்து வாடை. என் வீட்டுக்காரரின் பழைய படத்தை நீட்டினேன். "என்னம்மா, மூஞ்சியே தெரியல லா! பளிச்சுனு ஆக்கித் தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

நீங்கள் போட்ட படம் அது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் நான் உங்கள் இருட்டறையில் மருந்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கப்பல் வராததால் புதுப் பேப்பர் கிடையாது. சண்டைக்கு முன்பே காலாவதியான பெட்டிகள்தான். எதைப் போட்டாலும் சாம்பல் பூத்துவிடும். ஆனால் ஜப்பான் அதிகாரிகளின் படம் மட்டும் பளிச்சென்று காயும்.

யாரையும் லேசில் நம்பும் புத்தி எனக்குக் கிடையாது. தட்டு வைக்கிற சாக்கில் நின்று கவனித்தேன். எல்லாருக்கும் ஒரே பேப்பர்தான். அதிகாரி படத்துக்கு மட்டும் மருந்தில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆண்களின் அடையாளப் பாஸ் படத்துக்கு அது கிடையாது.

"அவனுக்கு மட்டும் பொடியா அண்ணே? நாங்க மட்டமா?"

"பொடி தீர்ந்து போச்சும்மா" என்று டப்பாவைச் சட்டென்று மூடினீர்கள். அவனுக்கு வால் பிடிக்கிற ஆள் என்றே முடிவு கட்டினேன்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஆட்கள் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள் என்று, ஜப்பான் சிப்பாய் அந்தப் பாஸ் படங்களோடு எங்கள் லயத்து வீடுகளுக்கே வந்தான். வீட்டுக்காரரின் பெயரைக் கூப்பிட்டான்.

"அவன் ஓடிட்டான். நான் தோட்டத்து ஆஸ்பத்திரி ஆளு" என்றார் இவர்.

ஆஸ்பத்திரி ஆட்களைத் தொடமாட்டார்கள். சிப்பாய் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சாம்பலில் என்ன தெரியும்? படத்தை வீசிவிட்டு நகர்ந்தான்; நான் பொறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் உங்கள் கடைக்கு ஓடிவந்தேன். "வேணும்னுதானே பொடி போடல?"

வாசலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. என்னையே சந்தேகப்பட்டீர்கள்! "பொடி தீர்ந்து போச்சும்மா." பக்கத்துக் கொடியில் அதிகாரியின் படம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் போன பிறகும், நீங்கள் சாகும்வரை, கேட்டபோதெல்லாம் அதே பதில்தான். பொல்லாத மனுஷன் நீங்கள்.

"பளிச்சுனு வேணாம் லா" என்று இன்று படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அந்த லாரி வந்த நாளுக்குப் பிறகு எந்தப் படத்துக்கும் வீட்டுக்காரர் நிற்கவில்லை. தலை நரைக்கும்வரை என் பக்கத்தில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இந்தச் சாம்பல் முகம் என் பையிலேயே இருக்கிறது. யாராவது உற்றுப் பார்த்தால் இன்னமும் மறைத்துக்கொள்கிறேன், அண்ணே.