கானமயில் குழம்பு

9 நவம்பர் 1958, ஞாயிறு
மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் வாசலில் வேட்டைப் படை. என் வீட்டுக்காரர், அமிர்தராஜ் அண்ணன், சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் அடைக்கலம். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் சுட்ட கானமயில் ஒன்றை என் அடுப்படியில் போட்டார்கள். பேர்தான் மயில், புல்வெளியில் நடந்து திரியும் வேறு பறவை; ஆட்டுக்குட்டி கனம். அதைச் சுடக்கூடாது என்ற உத்தரவை எங்களுக்குப் படித்துக் காட்டியவரே அடைக்கலம்தான். இரண்டாவது தட்டும் அவருக்குத்தான்.

"முன்னெல்லாம் கூட்டமா நிக்கும். இன்னைக்குப் பூரா சுத்தி இது ஒண்ணுதான்" என்றார் அடைக்கலம்.

"தங்கச்சி கைப்பக்குவத்துக்கே சுடலாம்" என்றார் அண்ணன்.

அப்படியென்றால் நானும் உடந்தையா?

10 நவம்பர்
எங்க ஸ்கூலில் சயின்ஸ் எடுக்கும் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகியிடம் சொன்னேன். வருஷத்துக்கு ஒரே முட்டைதானாம், அதுவும் வெறும் தரையில். "பின்னே நீ ஏன்டி ருசியாப் பண்றே?" என்று கேட்டாள். பாவி. மத்தியானச் சோறு இறங்கவில்லை.

14 டிசம்பர், ஞாயிறு
இன்னொன்று. ருசியில்லை என்று விட்டுவிடுவார்களென்று உப்பை அள்ளிப் போட்டேன். பறவையை யார் குறை சொன்னார்கள்? "தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல போல" என்றார் அண்ணன். கோயில் திருவிழாச் சமையலுக்கே என்னைத்தான் கூப்பிடுவாங்க, எனக்கா உப்பு தெரியாது? அழுதேன். வெட்கமா இருக்கு — அழுதது உப்புக்காக, பறவைக்காக இல்ல. அடுத்த மாசமும் போறாங்களாம்.

15 டிசம்பர்
"நேக்கு மாம்சம் தெரியாது. கசப்பு தெரியும்" என்றாள் ரங்கநாயகி. நிலவேம்புப் பொடி கொண்டுவருகிறாளாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன்.

"அவர் வாகனமே பட்சிதானே."

18 ஜனவரி 1959, ஞாயிறு
ஒரு சட்டியில் கானமயில், நிலவேம்போடு. இன்னொன்றில் நாட்டுக்கோழி, என் மானம் முழுவதையும் போட்டு வைத்தது. கோழிச் சட்டியை வழித்துவிட்டார்கள். கானமயிலை ஒரு வாய் வைத்ததும் அடைக்கலத்தின் முகம் கோணிக்கொண்டது.

"இதே கைதானே கோழியும் வச்சது? பறவைதான் கெட்டுப்போச்சு. இதுக்காக அவ்வளவு தூரம் யாரு போறது?"

வீட்டுக்காரர் மட்டும் கானமயிலை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். தண்ணீர்தான் செம்பு செம்பாகக் குடித்தார்.

ஜெயித்துவிட்டேன். ஆனா இந்தக் கானமயிலும் செத்துதானே சட்டிக்கு வந்துச்சு?

2 பிப்ரவரி
கானமயில் கசக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. உறையூரில் மீன் வாங்கப் போன இடத்தில் எனக்கே சொன்னார்கள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

8 நவம்பர் 1959, ஞாயிறு
வீட்டுக்காரர் தனியாகப் பெரம்பலூர் பஸ் ஏறினார். பயந்துபோய்ப் பரணைப் பார்த்தேன். துப்பாக்கி அங்கேயே இருந்தது. சாயங்காலம் வந்தவர் கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு நின்னுச்சு. கூடவே ஒரு குஞ்சு."

தட்டு நிறையச் சோறு போட்டேன். ரசம் ஊற்றப் போனபோது தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"அக்னஸ், இதுல நிலவேம்பு இல்லையே?"

"இன்னைக்கு இல்லைங்க" என்றேன்.