நடுவரை ஏறிய நிறம்

குலா, துருக்கி
14 அக்டோபர் 1967

மதிப்பிற்குரிய நஸ்மி அண்ணனுக்கு,

தம்பி சப்ரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜெர்மனியில், கொலோன் நகரில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை.

நம் தோல் பதனிடும் பட்டறை விஷயம் ஒன்று. வசந்தத்தில் அறுபது மாட்டுத்தோல் வந்தது. சீக்கிரம் முடிக்கும் ஆசையில், ஓக் மரக் கொட்டையின் கிண்ணம் போன்ற மூடிகளை அரைத்த தூளை அள்ளிக் கொட்டி, அந்தக் காட்டமான துவர்நீரில் இருபது தோலை எடுத்த எடுப்பிலேயே இறக்கிவிட்டேன். மேலே நன்றாகத்தான் நிறம் பிடித்தது. சாப்பாடு கொண்டுவந்த முஸெய்யன் அண்ணி ஓரத்தைக் கத்தியால் கீறினார். நடுவில் வெள்ளைக் கோடு.

“மேல கருகி உள்ள மாவா இருக்கிற ரொட்டி மாதிரி இருக்கு, சப்ரி” என்றார்.

சாயக்காரர் மகளுக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அவருடைய அப்பா இதே கிண்ணத் தூளில்தான் கம்பள நூலுக்கு நிறம் ஏற்றுவாராம். முதலில் இளசு, பிறகுதான் அடர்த்தி.

இருபது தோல் வீணானது. மீதி நாற்பதை அண்ணி பழைய, சத்துப்போன நீரில் போடச் சொன்னார். வாரத்துக்கு வாரம் காட்டமான தொட்டிக்கு மாற்றினோம். அவரும் தொட்டியில் இறங்கினார். முழங்கைவரை பழுப்பேறிய கையைச் சந்தையில் பார்த்த பக்கத்துத் தெரு நெர்மின், “ஜெர்மனிக்காரர் பொண்டாட்டிக்கு யாருடி இந்த மருதாணி வெச்சது?” என்று சிரித்தாளாம்.

“நானேதான் வெச்சுக்கிட்டேன். உன் செருப்பு பிஞ்சா இந்தக் கையைத் தேடி வா” என்றாராம் அண்ணி.

போன வாரம் உஷாக் ஊரிலிருந்து செருப்புக்காரர் ஹாலித் வந்தார். தோலை வளைத்தார், வெட்டினார். நடுவரை ஒரே பழுப்பு. “யாரு கைவேலை இது?” என்றார். என் வேலை என்று சொல்ல நாக்கு துடித்தது. அண்ணியைக் காட்டினேன். அந்த மனிதர் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். குளிர்காலம் முழுக்க வரும் தோல் எல்லாம் தனக்கே வேண்டும் என்று சொல்லிப் போனார்.

இன்னொன்று. விடுமுறைக்கு வந்த உங்கள் தொழிற்சாலை ஆள் நீங்கள் அங்கே வேறொரு பெண்ணோடு குடியிருப்பதாகச் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டே தோலைத் திருப்பிப் போட்டார். நான்தான் வெளியே போய் நின்றேன்.

அண்ணா, வருவதாக இருந்தால் வாருங்கள். இல்லையென்றால், வரமாட்டேன் என்பதை உங்கள் கையால் அவருக்கே எழுதுங்கள். என்னைச் சொல்ல வைக்காதீர்கள். எது எழுதினாலும் இந்த வீடும் பட்டறையும் அவருடையவை. அம்மாவும் அதையே சொல்கிறார். இந்தக் கடிதம் அண்ணிக்குத் தெரியாது.

இறைவன் உங்களைக் காக்கட்டும். உங்கள் கைகளை முத்தமிடும்,
தம்பி சப்ரி