அத்தை மகன் இருக்கிற தீவு

2003 பிப்ரவரி 4, செவ்வாய். அரியலூர்

விடிகாலையில் பனி. அப்புறம் வெயில், கூடவே சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. குவாரி ஆபீசில் லீவு கிடைத்துவிட்டது. மேனேஜர்: "அந்தமானா? என்னய்யா, நாடு கடத்துறாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கலியபெருமாள் மகளுக்குக் காதுகுத்து. அவன் என் மனைவி வசந்தாவின் அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். பேச்சும் நடந்து, நின்றுபோனது. ரோடு வேலைக்குத் தீவுக்குப் போனவன் அங்கேயே ஒரு வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேச்சு ஏன் நின்றது என்று வ.விடம் இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

வாங்க வேண்டியது: பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை. முந்திரிப்பருப்பு. வாந்தி மாத்திரை (வ.வுக்கு). எனக்குக் கேன்வாஸ் ஷூ.

துணி மடிக்கும்போது அவள் வாய்க்குள் ஏதோ பாட்டு. கீழப்பழுவூரில் அம்மா வீட்டுக்குப் போகும்போதுகூட இப்படிப் பாடியதில்லை.

பிப். 9, ஞாயிறு. போர்ட் பிளேர்

கப்பலில் வாந்தி, வாந்தி, வாந்தி. எனக்குத்தான். அவளுக்கு வாங்கிய மாத்திரை பூராவும் நானே விழுங்கினேன். அவள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பறக்கும் மீன் பார்த்தாள்.

துறையில் க.பெ. தொப்பை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தலைமுடியும் முழுசாக இருக்கிறது.

"வாங்கண்ணே. வா வசந்தா, இளைச்சிட்டியே."

இளைத்துவிட்டாளாம். என் வீட்டில் சோறு போடுவதில்லை போல.

"நல்லாருக்கியா மாமா?" என்றாள். அத்தை மகனை எங்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். தெரியும். ஆனால் என்னை இத்தனை வருஷமாக வெறும் 'ஏங்க'.

பிப். 10, திங்கள். ரங்கத் பக்கம், அவன் ஊர்

நாள் முழுக்க பஸ். இடையில் பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடத்துகிறார்கள். இரண்டு பக்கமும் காடு, மேலே பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் மரங்கள். எங்கள் ஊரில் இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் தா.பழூர் பக்கம் நடவு முடிந்த பிறகு போக வேண்டும். அதுவும் தரையோடு சரி.

ஊர் என்றால் மேடும் பள்ளமுமாக இருபது முப்பது வீடுகள். மேலே மலை, கீழே பாறைக் கரை, அதில் கடல் வந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. வங்காளிகள் ஒரு சரிவில், ராஞ்சிக்காரர்கள் ஒரு சரிவில், நம் ஆட்கள் முருகன் கோயிலைச் சுற்றி. வீட்டுக்கு வீடு பாக்கு மரம்.

அவன் மனைவி மாலதி. ஒல்லி. தமிழ் பேசுகிறாள், யோசித்து யோசித்து. மீன் குழம்பு நன்றாக இருந்தது. அவனும் வ.வும் சின்ன வயசில் பழுவூர் குளத்தில் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத் தெரியாத கதை. மாலதி பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பிப். 12, புதன்

சுண்ணாம்புக் குகை பார்க்கப் போனோம். இதைவிடக் கேலி வேறு வேண்டாம். அரியலூர்க்காரன், தினமும் சுண்ணாம்புக்கல்லில் விழித்துச் சுண்ணாம்புக்கல்லில் தூங்குகிறவன், கடல் தாண்டி வந்து சுண்ணாம்புக்கல் பார்க்கிறேன்.

படகு அலையாத்தி மரங்களுக்கு நடுவே. வேரெல்லாம் தண்ணீருக்கு வெளியே. தலையைக் குனிந்து போக வேண்டும். பிறகு நடை: வயல், நாலைந்து வீடு, ஒரு கிழவர் மோர் கொடுத்தார். குகைக்குள் கல் சொட்டுச் சொட்டாக இறங்கித் தொங்குகிறது. அழகுதான். ஒத்துக்கொள்கிறேன்.

அவன் டார்ச் அடித்துக் காட்டினான். "பாரு வசந்தா, யானைத் தும்பிக்கை மாதிரி."

"ஆமா மாமா! யம்மா, எவ்ளோ பெருசு!"

நான், "இதுல சிமெண்டுக்கு ஆவுற கல்லு நல்ல தரம், வெடி வச்சா ஒரே வாரம்" என்றேன். அவன் டார்ச்சை அடுத்த கல்லுக்குத் திருப்பினான். சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு இங்கே தெரிந்தது அது ஒன்றுதான்.

பிப். 13, வியாழன்

மலை ஏறினோம். காலையில் தூறல். பாதை இல்லை, வேரைப் பிடித்துப் பிடித்து. புது ஷூ குதிகாலைத் தின்றுவிட்டது. வ. வெறுங்காலோடு முன்னால். எங்கள் தெருவில் மாடி ஏறினால் முட்டி வலிக்கிறது என்பவள்.

பாதி வழியில் அவள் காலில் அட்டை. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துவிட்டான். அவள் காலை நீட்டினாள். எந்த யோசனையும் இல்லாமல் நீட்டினாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் காலிலும் இரண்டு அட்டை. நானே பிய்த்தேன், ரத்தம் நிற்கவில்லை.

உச்சியில் இரண்டு பக்கமும் கடல். கீழே கிராமங்கள் தகரக் கூரையாய்ப் பளபளப்பு. காற்றில் அவள் முடி அவிழ்ந்து பறந்தது. கட்டிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து ஓ என்று கத்தினாள், சும்மா. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை.

பொறாமைதான். வேறு பேர் வைக்க வேண்டாம். பற்றி எரிகிறது.

பிப். 15, சனி

வெயில். குதிகால் வீக்கம், படி இறங்கவில்லை. அவர்கள் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பத்திரிகை வைக்கப் போனார்கள். நானும் மாலதியும் வீட்டில்.

அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "அண்ணா, எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. பாப்பாவ மாமன் மடியில உக்கார வச்சு காது குத்தணும்னு சொல்றாங்க. நீங்க மடி குடுப்பீங்களா?"

முறை இடிக்குமே என்றேன். அவனுக்கு நான் அண்ணன் முறை, பிள்ளைக்குப் பெரியப்பா, மாமன் எப்படி ஆவேன்?

"நீங்க எனக்கு அண்ணன் ஆயிட்டா ஆவலாம். கோயில் பூசாரி சம்சாரத்துகிட்ட கேட்டுட்டேன்." நறுக்கும் கை நிற்கவில்லை. "நீங்க அண்ணன்னா, வசந்தாக்கா எனக்கு அண்ணி. அண்ணி அவருக்குத் தங்கச்சி முறை. சரிதானே அண்ணா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. இத்தனை நாளும் அந்த வீட்டில் நான் மட்டும் வெந்துகொண்டிருக்கவில்லை.

சரிம்மா என்றேன். சந்தோஷத்தில் இரண்டு தரம் சொன்னேன்.

பிப். 16, ஞாயிறு

காதுகுத்து, முருகன் கோயிலில். ஆசாரி சிவகங்கைக்காரர். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், பிள்ளை மடியில். பட்டுப்பாவாடை வழுக்கியது. மாமன் யாரு என்று பூசாரி கேட்டார். "எங்க அண்ணன்" என்று மாலதி சத்தமாகச் சொன்னாள், ஊருக்கே கேட்கும்படி. பிள்ளை வீறிட்டு அழுதது. என் சட்டையெல்லாம் எச்சில்.

க.பெ. எனக்கு மாலை போட்டான். "மச்சான்" என்றான். புரிந்துகொண்டான், சிரிப்பு பாதியில் நின்றது.

பூசாரி சம்சாரம் விடவில்லை. "இனிமே மாமான்னு கூப்பிடாத தாயி. அண்ணன்னு சொல்லு, ஒருதரம் சொல்லு."

வ. என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைக்கு மிட்டாய் பிரித்தேன்.

"சரிங்கண்ணே" என்றாள் அவனிடம். சர்க்கரைப் பொங்கல் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாடு: இரண்டு பாயசம். ரசம் சுமார்.

பிப். 20, வியாழன். கப்பல்

கடல் அமைதி. எனக்கு வாந்தி இல்லை. துறையில் மாலதி வ.வைக் கட்டிப்பிடித்து, "அண்ணி, அடுத்த வருஷமும் வாங்க" என்றாள், மனசாரத்தான். க.பெ. பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

நாலு நாளாக வ. கேட்டதற்கு மட்டும் பதில். இன்று மதியம் மேல்தளத்துக்குப் போனேன். ஜெயித்த தைரியம். இவ்வளவு வருஷம் கேட்காததைக் கேட்டேன். "உங்க கல்யாணப் பேச்சு ஏன் நின்னுச்சு? அவன் வேணாம்னானா?"

"அவரு எங்க சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

நெஞ்சுக்குள் குளிர்ந்தது. ஏன் என்றேன். அவள் வாயால் கேட்கணும் என்று ஆசை.

"கடல்னா பயம். கப்பல்ல ஏத்திட்டுப் போயிருவாங்கன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். அப்பதான் உங்க ஜாதகம் வந்துச்சு. அரியலூரு, பஸ்ஸுல போயிட்டு வந்துரலாம்னு சரின்னேன்."

காற்று பலமாக இருந்தது. கம்பியை விட்டுவிட்டு, சும்மா நின்றாள்.

"இப்ப பாத்தா இதுல பயப்பட ஒண்ணுமே இல்லைங்க."

கீழே வந்துவிட்டேன். டீ வாங்கி வைத்திருக்கிறேன், அவளுக்கும். இன்னும் மேலேதான் இருக்கிறாள்.