ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு வரி

உழவர்கரை, புதுச்சேரி
4.7.1982

அன்புத் தங்கை வேம்புவுக்கு அக்கா கமலவேணி எழுதுவது. வீட்டில் உன் மாமாவும் பெண் சுலோசனாவும் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆஸ்பத்திரித் தையல் வேலைக்கு உடனே ஓடாதே.

உனக்கு ஒரு சேதி. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு புது உயிரியல் புத்தகம் வைக்கலாமா என்று பார்த்துச் சொல்ல, போன வருடம் மூன்று ஆசிரியர்களைப் போட்டார்கள். நானும் ஒருத்தி. நல்ல புத்தகம்தான். இதயத்தின் படத்தை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் வரைந்துவிட்டார்கள். பரம்பரை பற்றிய பாடத்தில்தான் எனக்குத் திக்கென்றது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் நோய்கள் என்று போட்டு, தொழுநோயையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

மாமாவிடம் காட்டினேன். இதை மறுத்தால், உனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்பார்களே என்றேன். "கேட்டா சொல்லு. நம்ம வேம்பு என்ன திருடிட்டா போனா?" என்றார்.

கூட்டத்தில் ஆதிலட்சுமி டீச்சர், ஊரே அப்படித்தானே சொல்லுது, ஒரு வரிக்காகவா நல்ல புத்தகத்தைத் தள்ளணும் என்றார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன். அது கிருமியால் வருவது, என் கூடப்பிறந்தவளுக்கே வந்தது, மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டாள் என்று.

தலைவராக இருந்த தெய்வசிகாமணி ஐயா தன் பேனாவை என் பக்கம் நீட்டினார். "சரியான வரிய நீங்களே எழுதிக் குடுங்கம்மா. இத மாத்தினாதான் புஸ்தகம் வகுப்புக்கு வரும்" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். ஆதிலட்சுமி டீச்சர் பஸ் வரும்வரை என்னோடு நின்றார்கள். எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

இந்த ஜூனில் புத்தகம் வந்தது. பரம்பரையாக வராது, மருந்தால் குணமாகும் என்று நான் எழுதியது அப்படியே இருக்கிறது. நம் சுலோசனாவும் இந்த வருடம் ஒன்பதாவதுதானே, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். "குணமாயிடும்னு போட்டிருக்கே, அப்புறம் சித்தி ஏன் அந்த ஆஸ்பத்திரியிலயே இருக்காங்க?" என்று கேட்டாள்.

சித்திக்கு அங்கே வேலை இருக்கிறது என்றேன். நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கூடாது என்றுதான் நீ வர மறுக்கிறாய் என்பதை எப்படிச் சொல்வேன்? பெற்ற எனக்கே தோன்றாததை நீ யோசித்தாய். இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஒதுங்கியிருந்தது போதும் வேம்பு. ஆடியில் வீராம்பட்டினம் தேர். மாமா வந்து உன்னை அழைத்து வருவார், மறுக்காதே. பழைய ஆட்கள் எல்லோரும் வருவார்கள். முக்காடு போடாதே. கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொள்.

அம்மன் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
கமலவேணி