கூப்பிடாத பெயர்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஷிஃப்ட். பேருந்து நிலையத்தில் சரியான கூட்டம். பையைத் தவறவிட்ட ஒரு பெண்ணை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று பெண்கள் என் அறை வாசலில் வந்து நின்றார்கள், மூன்று பேருக்கும் அதே பெயர். பைக்குச் சொந்தக்காரி நாலாவதாக வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். புது சயின்ஸ் டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் வந்ததும் நிறுத்தி, "இது என்ன, எலினியா?" என்றாராம். மதியத்துக்குள் வகுப்பு முழுக்க அவள் 'எலி'.

பிப்ரவரி 4, புதன்

பரீட்சை விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். அதில் எழுதும் பெயர்தான் சான்றிதழில் வரும், ஆயுசுக்கும் அதுதான். 13ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

"அம்மா, நான் பேரை மாத்திக்கப் போறேன்."

வேறு பெயரும் யோசித்து வைத்திருக்கிறாள்.

"அது உன் கிளாஸ்லயே நாலு பேருக்கு இருக்கேடி!"

"இருக்கட்டுமே. ஒருத்தரும் தப்பா சொல்றதில்லை இல்ல?"



பிப்ரவரி 7, சனி

மனசு ஆறவில்லை. அந்தப் பெயரை நான் சும்மா வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே தினமும் பார்த்தேன் — ஒரு பெயரைக் கூப்பிட்டால் அஞ்சு பேர் ஓடி வருவார்கள். என் மகளைக் கூப்பிட்டால் என் மகள் மட்டும்தான் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை. தேடித் தேடி வைத்தேன். நடுவில் ழகரம் வருகிறதே, மற்றவர்கள் வாயில் நுழையுமா என்று யோசித்தேனா? இல்லை. அனுபவிக்கிறது அவள்.

இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "மைக்கம்மா, நீ வச்ச பேரு, நீயே சமாளி." மனுஷனுக்கு எதிலும் கிண்டல்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

சண்டை. "பேருல ஒண்ணும் குறையில்லடி, சொல்றவங்க நாக்குதான் சரியில்ல" என்றேன்.

"நாக்கு அவங்களுது. அவமானம் எனக்குத்தானே?"

அழுதாள். நானும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயர் எழுதும் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. "உன் பேரு, உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, படுக்கப் போகும்முன் அந்தக் கட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பள்ளியிலிருந்து பக்கத்து ஊர்க் கண்காட்சிக்குப் போனார்கள். ஐந்து மணிக்கு நிலையத்தில் இறங்கி நேராக என் அறைக்கு வருவதாகப் பேச்சு. ஐந்தரை ஆகியும் ஆளைக் காணோம். போன் அணைந்து கிடக்கிறது. சொந்த விஷயத்துக்கு மைக்கைத் தொடக் கூடாது. மேற்பார்வையாளர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூப்பிடுங்கம்மா, யாரு என்ன கேக்கப் போறாங்க" என்றார்.

பொத்தானை அழுத்தினேன். மைக்கில் 'பாப்பா' என்றா கூப்பிட முடியும்? அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை! பள்ளியில் சேர்க்கும்போது சொன்னதோடு சரி. கண் விழித்தது முதல் பாப்பா, பாப்பா, பாப்பா. அடிப்பாவி, வச்ச நீயே சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?

சொன்னேன். அவசரப்படாமல், எழுத்தெழுத்தாக, இரண்டு தடவை. 'எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும்.'

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தனை கூட்டத்திலும், நாலாவது நடைமேடையில் தோழிகளோடு அரட்டையடித்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் சட்டென்று திரும்பினாள். ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, என் பேரா அது? இன்னொரு தடவை சொல்லேன்."

திட்ட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். மறந்தே போய்விட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். என்ன எழுதினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காபி குடிக்கும்போது அவளே சொன்னாள்.

"பழைய பேரையே எழுதிட்டேம்மா. மூணே எழுத்துதானே. ஆனா ஒரு கண்டிஷன். வீட்ல இனிமே பாப்பா கிடையாது."

இவர், "அப்போ எலி?" என்று கேட்டு அடி வாங்கினார்.

பிப்ரவரி 16, திங்கள்

இந்த நோட்டைப் புரட்டினேன். எங்கே பார்த்தாலும் 'பாப்பா', இல்லாவிட்டால் 'அவள்'. அந்தப் பெயரை இதில் எழுதிக்கூடப் பார்த்ததில்லை நான்.

காலையில் போர்வையை இழுத்து, "எழினி, மணி ஏழு" என்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றாள்.