இரணியன் தோளில் நான் அழித்த விரல் தடங்கள்

எனக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லித்தந்த என் தங்கச்சி மலருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஹாஸ்டலை விட்டு வந்த உன் பெண் கவிதா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். உப்பளத்தில் அப்பா இருக்கும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள். நேற்று என்னிடம் ஒன்று கேட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவனை நீ மாணவனாக்கினாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உன் வீட்டு ஹாலில் காலண்டர் நரசிம்மரைப் பார்த்து இருவரும் வரைவோம். மடியில் மல்லாந்த இரணியன், கிழிந்த வயிறு, மாலையாகத் தொங்கும் குடல். வாட்டர்கலரில் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில் என்பாய். சிங்கத்தின் பல்லுக்கு வண்ணம் வேண்டாம், தாளின் வெள்ளையையே விட்டுவை என்பாய். ஈரம் காயுமுன் நான் சிவப்பை வைத்துவிடுவேன். ரத்தம் பிடரி வரைக்கும் ஓடும். நீ சிரிப்பாய்.

ஒருநாள் உன் படத்தில் இரணியன் தோளில் நான்கு விரல் தடம் இருந்தது. நடுவில் ஊதா, ஓரத்தில் பச்சையும் மஞ்சளும். பார்த்து வரையும்போது இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"அழுத்திப் புடிச்சா இப்படித்தாண்ணே ஆவும்" என்றாய்.

வாத்தியார் புத்தி. ஈரப் பிரஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, நானே அதை அழித்தேன். புதுச்சேரி மே மாத வெயிலில் நீ ஏன் முழுக்கை போட்டிருந்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு நீ வாய்விட்டே சொன்னாய், மாப்பிள்ளை அடிக்கிறார் என்று. நான் உதாரணம் சொன்னேன். புது வகுப்பில் ஒரு முரட்டுப் பையன் இருப்பான், முதல் பருவம் படுத்துவான், பொறுமையாக இருந்தால் அடங்கிவிடுவான் என்றேன். உனக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்தோரு வருஷம். எத்தனை பருவம், மலர்?

அந்தக் கடைசி ஞாயிறு. இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து மாப்பிள்ளை வந்தார். சோறு ஆறியிருந்தது. நீ எழுவதற்குள் முடியைச் சுருட்டிப் பிடித்து உன் நெற்றியைச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். கலர் தட்டை உதைத்தார். தண்ணீர்க் குவளை உருண்டது. நான் எழுந்தேன். எழுந்து, நனையாமல் என் படத்தை எடுத்துக்கொண்டேன். "அண்ணே" என்று நீ கூப்பிட்டபோது என் இரண்டு கையிலும் அந்தத் தாள்தான் இருந்தது. அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் நீ மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டதாகப் போன் வந்தது. ஸ்டேஷனில் நானும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பெண் பிள்ளை இருக்கிறாள், குடும்ப மானம் போகும் என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

நேற்று கவிதா கேட்டாள், "மாமா, அப்பா அம்மாவ அடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். தாளை எடுத்தது உட்பட எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை.

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்வீங்களா? இல்ல, இதுக்கும் ஒரு உதாரணம் வெச்சிருக்கீங்களா?"

நாளைக் காலை இருவரும் போகிறோம், மலர். எப்படியோ தெரிந்து இன்று மாப்பிள்ளை ஆள் விட்டு மிரட்டிப் பார்த்தார். வரட்டும். முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுப்பேன். அதற்காக என்னை உள்ளே வைத்தாலும் வைக்கட்டும். அவர் அடித்ததைச் சொல்வேன். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன், உன் பெண் பக்கத்தில் நிற்கும்போதே.

நீ கூப்பிட்டும் வராத
உன் அண்ணன்