துணி துவைக்கும் அறையில் அப்பா சொன்ன பதில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், எங்களைவிடக் கொசுக்கள் இன்னும் சுகம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அம்மா வீடியோவில் அப்பாவிடம் உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டதும், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தூக்கினார், அதோடு படம் போய்விட்டதல்லவா, அது கோபம் இல்லை. அந்த அம்மா இந்நேரம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, இதைப் படித்த உடனே அவரிடம் சொல்லிவிடு.

நீ ஆசையாய் ஏற்பாடு செய்து அனுப்பிய ரிசார்ட் நல்ல இடம்தான், கூடாரத்துக்குள்ளேயே கட்டில் மெத்தை எல்லாம் இருக்கிறது, இன்டர்நெட்தான் இல்லை. வரவேற்பில் இருக்கும் பெண் ‘கேம்ப் முழுக்க வைஃபை இருக்கு ஆன்ட்டி’ என்று வாய் நிறையச் சொல்லிப் பாஸ்வேர்டும் கொடுத்தாள். அதை நம்பி உன் அப்பா ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மரம் மரமாக அலைந்தார். பக்கத்துக் கூடாரத்துக் கணவனும் மனைவியும் அவர் ஏதோ அபூர்வப் பறவையைப் படம் பிடிக்கிறார் என்று நினைத்துச் சத்தம் காட்டாமல் பின்னாலேயே போனார்கள். கடைசியில் துணி துவைக்கும் அறையில்தான் ஒழுங்காகக் கிடைத்தது, இன்டர்நெட் பெட்டியே அங்கேதான் சுவரில் மாட்டியிருக்கிறது. வாஷிங் மெஷின் மேல் சோப்புத்தூள் டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்துத்தான் உங்களோடு பேசினோம். பின்னால் தொங்கிய உள்ளாடைகள் எங்களுடையவை இல்லை என்பதையும் பெண் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடு.

அந்த அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று காது அடைக்கிற மாதிரி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே பார்க்கலாம் பார்க்கலாம் என்று எழுந்து போகிறவர், இன்றைக்குச் சொல்லப்போகிற பதில் அவர்கள் காதில் தெளிவாக விழ வேண்டுமே என்று எட்டி அந்த ஃபேன் சுவிட்சை அணைத்தார். ஃபேனும் நின்றது, இன்டர்நெட் பெட்டியும் செத்தது. ஆயுள் முழுக்க ஊரார் வீட்டுக்கெல்லாம் வயரிங் செய்த மனுஷன். ‘எந்தப் புண்ணியவான்டி ரெண்டையும் ஒரே சுவிட்சுல குடுத்தான்’ என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார், நான்தான் கொடுத்தேன் என்பதுபோல. திரும்பப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, பெட்டியில் சிவப்பு விளக்குத்தான் எரிகிறது, மலைக்குக் கீழேயிருந்து மெக்கானிக் வர நாளையாகுமாம். கேம்ப் முழுக்க எங்களை முறைக்கிறது. அந்த வரவேற்புப் பெண் இப்போது என்னை மேடம் என்கிறாள். இங்கே சாதாரண ஃபோன்கூட எடுக்காது, அதனால் காய்கறி வேன்காரர் கீழே போனதும் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பா என்ன சொல்ல வந்தார் என்றுதானே தவித்துக்கொண்டிருப்பாய். லைன் போனது தெரியாமல் அவர் பாட்டுக்குப் பேசினார் தங்கம். நிமிர்ந்து நின்று, ‘எங்களுக்கு முழுச் சம்மதம்ங்க, எம் பையன் கொஞ்சம் பிடிவாதக்காரன், ஆனா நம்புனவங்களைக் கைவிட மாட்டான், உங்க பொண்ணு இனிமே எங்களுக்கும் பொண்ணுதான்’ என்று சொன்னார். நான் ஃபோனைப் பார்க்கவே இல்லை, அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணி வாளியோடு வாசலில் காத்திருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப சந்தோஷம் என்றார். அப்புறம்தான் அப்பா ஃபோனைப் பார்த்தார், எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் சிரித்த முகமாய் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பா என்னிடம், கோபம் இல்லை என்று மட்டும் எழுது, மிச்சத்தை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார், இப்போதுகூடக் கூடாரத்தைச் சுற்றி நடந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளை நாங்கள் கூப்பிட்டதும் அந்த அம்மாவை அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொல், அப்பா பதில் சொல்லும்போது நீங்கள் எல்லோரும் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேளுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா